உன் துவக்குக்கு நான் பூட்டிய சோங்கு

மகள்,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் துவக்கை உடைத்தவன் நான்தான். அதுவும் சாரத்தோடு நின்று உடைத்தேன்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுது. பேஸ்மென்ற் இரும்பு அலுமாரியைத் திறந்து, தூசு தட்டலாமென்று துவக்கை வெளியே எடுத்தேன். தூசு தட்டுகிறவனுக்கு மேல்மாடியில் என்ன வேலை என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. ஆளுயரக் கண்ணாடி மேல்மாடியில்தான் இருக்கிறது. வயிற்றை உள்ளே இழுத்து, துவக்கைத் தோளில் சாய்த்து, கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். ஒரு பக்கமாகத் திரும்பினால் வேட்டைக்காரன் மாதிரி இருந்தது. மற்றப் பக்கம் திரும்பினால் தொலைந்த மாட்டைத் தேடி வந்தவன் மாதிரி இருந்தது. நல்ல பக்கத்தைப் போனில் படம் பிடிப்போமென்று வெளிச்சம் தேடி மாடிப்படித் தலைப்புக்கு வந்தேன். அங்கேதான் இடுப்பில் கட்டியிருந்த சாரம் கழன்றது. ஒரு கையில் போன், மறு கையில் துவக்கு. எங்கள் முன்கதவு கண்ணாடிக் கதவு என்பது உனக்குத் தெரியும். எதிர்வீட்டுச் சீன மனுசி அந்த நேரம் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மூன்றில் ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிலையில், நான் போனையும் மானத்தையும் பிடித்துக்கொண்டேன். துவக்கு ஒவ்வொரு படியாக விசாரித்துக்கொண்டு கீழே இறங்கியது.

பயப்படாதே, உள்ளே குண்டு இல்லை, விசையில் பூட்டும் கிடந்தது. நீ முதன்முதல் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, சட்டத்துக்குப் பயந்து நானும் போய், மீசை முளைக்காத பெடியங்களோடு வகுப்பில் இருந்து லைசென்ஸ் எடுத்தவன். படித்தது அவ்வளவும் ஞாபகம் இருந்தது. சாரத்தைப் பற்றி மட்டும் அந்த வகுப்பில் சொல்லித் தரவில்லை. இரும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. இரும்பைத் தாங்குகிற மரம்தான், கைப்பிடிக்கு நேரே, விரலை விட்டுப் பார்க்கக்கூடிய அளவுக்குப் பிளந்து போனது. அந்த மரத்தை இங்கே ஸ்டொக் என்கிறார்கள். அதன் பின்பக்கத்தை, தோளில் முட்டுகிற பகுதியை, எங்கள் ஆட்கள் சோங்கு என்போம். அந்தச் சொல் எனக்கு உன் வயதில் நன்றாகப் பழக்கம். ஆமிக்காரன் துவக்கைத் திருப்பிப் பிடித்தால் எங்களுக்குக் கிடைப்பது சோங்குதானே. மழைக்காலத்தில் என் தோள்பட்டை ஏன் உளைகிறது என்று சின்னவயதில் நீ கேட்டபோது, கிரிக்கெட் விளையாடும்போது விழுந்தேன் என்று சொன்னேன். நான் கிரிக்கெட் மட்டையைத் தொட்டதே இல்லை.

உடைந்த துவக்கைப் பார்த்துக்கொண்டு படியில் இருந்தேன். பயம் வந்தது, மகள். பகிடிக்குச் சொல்லவில்லை. இந்த வீட்டில் நீ விட்டுவிட்டுப் போன பொருள்களில் நீ திரும்பி வந்து எடுப்பதாகச் சொன்னது அது ஒன்றைத்தான். வடக்கே தண்டர் பே நகரத்துக்குப் புறப்பட்ட அன்று, பெட்டியை வாசலில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பாராமல், "துவக்கைப் பூட்டி வையுங்கோ. சீசனுக்கு முன்னம் வந்து எடுக்கிறன்" என்றாய். அதற்குப் பிறகு போனில் நீ என்னோடு கதைத்ததெல்லாம் "அம்மா நிக்கிறாவோ?" என்பதுதான். மான் வேட்டைச் சீசன் வந்து போய், மறுபடியும் வந்து போனது. நீ வரவில்லை. ஆனால் வருவேன் என்ற சொல் அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. அதைத்தான் நான் படியால் உருட்டிவிட்டேன்.

நீ ஏன் போனாய் என்று மற்றவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை இருக்கிறது. "ஆஸ்பத்திரியிலை நல்ல வேலை கிடைச்சிட்டுது, வடக்கிலை நேர்ஸ்மாருக்குச் சம்பளமும் கூட" என்பேன். தமிழ்க்கடை மீன் வரிசையில் நின்று கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். அவர்கள் எல்லோரும் அன்று யூனியன்வில் ஹோலில் இருந்து கைதட்டியவர்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ கட்ட இருந்த பெடியனின் வீட்டாரோடு அந்த ஹோலில் வைத்த சாப்பாட்டுக்கு முதல்நாள், குசினி வாசலில் நின்று நீ என்னிடம் ஒன்று கேட்டாய். "அப்பா, அந்த மான் கதை மட்டும் நாளைக்கு வேண்டாம். அவரின்ரை அம்மாவுக்கு நான் வேட்டைக்குப் போறது இன்னும் தெரியாது. அவர் ஆறுதலாச் சொல்லுறன் எண்டவர்." நான் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யாத குறை. அடுத்த நாள் இரண்டு வீட்டு ஆட்களும் கூடி, சோறு வந்து, பேச்சு வராமல் மேசைகள் உறைந்து கிடந்தன. அப்போது யாரோ, "அண்ணை, ஒரு ரெண்டு வார்த்தை" என்று மைக்கை நீட்டினார்கள். உனக்கு நான் தரக்கூடிய புத்திமதி ஒன்றுதான்: உன்னை ஆட்கள் பகிடிக்காரி என்று சொல்லத் தொடங்கினால், மைக் இருக்கிற இடங்களுக்குப் போகாதே. சிரிப்பு ஒரு கெட்ட சாமான். முதல் சிரிப்பு வந்ததும் இரண்டாவது வேண்டும்போல இருக்கும். கையில் உள்ள பகிடிகள் முடிந்தால், வீட்டில் இருப்பதை எடுத்து விற்கத் தொடங்குவோம்.

நான் உன்னை எடுத்து விற்றேன். உன் முதல் மானை, கராஜில் கிடந்த இரத்தத்தை, அம்மா மஞ்சள்தண்ணி தெளித்துக்கொண்டு பின்னால் ஓடியதை, ஃபிரீசரைத் திறந்தால் ஒரு மான்கால் எனக்கு வணக்கம் சொல்வதை. மைக் தாங்கியைக் கழற்றி வலது தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, நீ சுடுவது மாதிரி நடித்தும் காட்டினேன். "தம்பி, வேலையாலை பிந்தி வந்தால் கையை மேலை தூக்கிக்கொண்டு வாங்கோ!" என்றேன். ஹோல் அதிர்ந்தது. பெடியனின் தாய் கரண்டியை மெதுவாகக் கோப்பைக்குள் வைத்ததை நான் கண்டேன். கண்ட பிறகும் நிறுத்தவில்லை. அந்தக் கிழமையே அவர்களுடைய மாமன்காரன் போன் எடுத்து, "எங்களுக்குச் சரிவராது போலை கிடக்கு, குறை நினையாதேங்கோ" என்றான்.

நீ அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன். "அவர் போனது பெரிசில்லை, அப்பா. தாய்க்குப் பயந்த ஆள், போகட்டும். நான் உங்களிட்டை ஒண்டுதான் கேட்டனான்" என்றாய்.

"ஒரு பகிடிதானே, பிள்ளை."

"ஓம். பகிடி நான்தானே."



சரி, சோங்குக்கு வருகிறேன். புதிது வாங்குவதென்றால் கடையில் சொல்லிவைத்து மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும் என்றார்கள். அதற்குள் நீ வந்துவிட்டால்? இன்ரநெற்றில் தேடினேன். வேறொரு கம்பனி உன் துவக்கின் இனத்துக்கென்று செய்த மரம், ஒருவர் கொஞ்சக்காலம் பாவித்தது, விட்பி என்ற ஊரில் விற்பனைக்குக் கிடந்தது. கோப்பிக்கடை வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. தாடியும் பச்சைப் புள்ளிச் சட்டையுமாக ஒரு வெள்ளைக்காரன் வருவான் என்று காரில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவன் நெற்றியில் திருநீற்றோடு வந்தான். மட்டக்களப்புத் தம்பி. இரண்டு பேரும் கூடாத இடத்தில் சந்தித்துக்கொண்ட பள்ளிக்கூட வாத்திமார் மாதிரி விழித்தோம்.

"அண்ணனும் துவக்கா?" என்றான்.

"எனக்கில்லை தம்பி, மகளுக்கு."

"அப்படியா!" முகத்தில் ஒரு மரியாதை வந்தது. ஹோலில் நான் பார்த்திராத மரியாதை. "மகள் வலக்கையா இடக்கையா? கன்னம் வைக்கிறதுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் மேடு விட்டிருக்கு, பாருங்க. இது வலக்கைக்காரருக்குத்தான் சரி. மறுகா வந்து குறை சொல்லக்கூடாது."

"வலக்கைதான். சின்னனிலை இடக்கைப் பழக்கம் இருந்தது, நாங்கள் திருத்திப்போட்டம்" என்றேன் பெருமையாக.

அவன் என்னைப் பார்த்துவிட்டு, அந்த மேட்டை இன்னொரு தரம் விரலால் தடவினான். இருவரும் இதை வெளியில் சொல்வதில்லை என்று கைகொடுத்துப் பிரிந்தோம். அடுத்த கிழமை கோயிலில் மூன்று பேர் என்னிடம் மான் இறைச்சி கேட்டார்கள்.

கழற்றிப் பூட்டுவது கதிரைக்குக் கால் மாற்றுவது போல என்று நினைத்தேன். அடியில் உள்ள ஸ்குரூக்களைக் கழற்றினால் இரும்பு மேலே வந்துவிடும், புது மரத்தில் வைத்து முறுக்கினால் முடிந்தது. வைத்தேன். இரும்பு உட்காரவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் கதிரை நுனியில் இருக்கிற மாப்பிள்ளை மாதிரி ஒரு ஓரமாக நின்றது. முறுக்கி இறுக்கினால் இறங்கும் என்று யோசித்தேன். நல்லவேளை, இன்ரநெற்றில் ஒரு கிழவர் என்னைத் தடுத்தார். அப்படி இறுக்கினால் வெளியே பார்க்கச் சரியாக இருக்குமாம். உள்ளே இரும்பு வளைந்துகொண்டே இருக்கும், ஒவ்வொரு வெடியும் ஒவ்வொரு இடத்துக்குப் போகும் என்றார். எங்கே முட்டுகிறதென்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் சுரண்டவேண்டும். அதற்கு இரும்பின் அடியில் கறுப்பு மை பூசி, மரத்தில் வைத்து எடுத்தால், முட்டுகிற இடத்தில் மை ஒட்டிக்கொண்டு வரும். அந்த மை என்னிடம் இல்லை. அம்மாவின் கண்மை இருந்தது.

"இஞ்சருங்கோ, என்ரை கண்மை எங்கை?" என்று மேலே நின்று கேட்டாள்.

"துவக்குக்குப் பூசியிருக்கு."

"அதுக்காவது பொருந்துதோ?" என்றாள். நீ போன பிறகு அம்மா என்னோடு விட்ட முதல் பகிடி அது. நான் பேஸ்மென்றில் இருந்து தனியே சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். மரத்தூள் கண்ணில் விழுந்தது என்று எழுதலாம். ஆனால் இந்தக் கடிதத்தில் பொய் எழுதுவதில்லை என்று தொடங்கியிருக்கிறேன்.

பூசுவேன், வைப்பேன், எடுப்பேன், கறுப்புப் பட்ட இடத்தை உளியால் முடி அளவு சுரண்டுவேன். மறுபடியும் பூசுவேன். வேலையால் வந்து சாப்பிட்டதும் இறங்கிவிடுவேன். வெடிக்கும்போது இரும்பு பின்னால் உதைக்குமாம். அந்த உதையைத் தாங்க அடியில் ஒரு சின்ன முளை இருக்கிறது. அது மரத்தில் முழுமையாகப் படிந்து இருக்கவேண்டும், ஒரு முனையில் மட்டும் தொட்டால் மரம் பிளந்துவிடும். குழலோ மரத்தில் எங்கும் தொடக்கூடாது. ஐந்து டொலர்த் தாளை இடையில் விட்டு இழுத்தால் தடையில்லாமல் வழுக்கிப் போகவேண்டும். தாங்கவேண்டிய இடத்தில் தாங்கவேண்டும், விடவேண்டிய இடத்தில் விடவேண்டும். உன்னை வளர்க்கத் தொடங்கும்போது எனக்கு ஒரு கிழவரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் பகிடி விட்டிருப்பேன்.

பிறகு நீளம். சோங்கு கைக்கு அளவாக இருக்கவேண்டும், நீயோ அம்மாவைப் போல் கட்டை. உன் கையளவு அம்மாவின் கையளவுதான் என்று காப்பு வாங்கிய நாட்களில் இருந்து தெரியும். அம்மா ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரைக்கும் அளக்கவேண்டும், கையை மடக்கு என்றேன்.

"என்ன, காப்போ?"

"சோங்கு."

"கலியாணம் முடிச்ச நாளிலை இருந்து நீங்கள் என்ரை கையைப் பிடிச்சு அளந்தது இதுக்குத்தான்" என்றாள். ஆனாலும் மாக்கையோடு மடக்கி, நான் அளந்து முடியும்வரை அசையாமல் நின்றாள். அந்த அளவுக்கு மரத்தை வெட்டி, பின்னால் ரப்பர் மெத்தை வைத்து, எண்ணெய் பூசி, காய விட்டு, மறுபடியும் பூசினேன். மகள், அது அழகாக வந்தது. இந்த வயதில் நான் பகிடியாகச் செய்யாத ஒரே காரியம் அதுதான்.

கடைசியாக ஒரு சந்தேகம் வந்தது. குளிருக்குத் தடித்த ஜக்கெற் போட்டால், அந்தத் தடிப்பும் சேர்ந்து சோங்கு நீளமாகிவிடும் அல்லவா? உன் செம்மஞ்சள் வேட்டை ஜக்கெற் இன்னும் பேஸ்மென்றுக் கொழுவியில்தான் தொங்குகிறது. அம்மா அதைத் தோய்க்க விடவில்லை. எடுத்து மேசையில் விரித்து, தோளின் தடிப்பைப் பார்க்கலாமென்று வலது தோளைத் தடவினேன். துணி கடையில் வாங்கிய மாதிரிப் புதிதாக இருந்தது. இடது தோளைப் பார்த்தேன். அங்கே செம்மஞ்சள் வெளுத்து, துணி மினுங்கி, சோங்கின் வடிவத்தில் எண்ணெய்க் கறை ஊறிப்போய் இருந்தது.

கதிரையை இழுத்து இருந்துவிட்டேன்.

நீ சோற்றில் இடக்கையை வைத்தபோதெல்லாம் அதை மெல்லத் தட்டினோம். கோயிலில் திருநீற்றுக்கு இடக்கையை நீட்டியபோது அம்மா வெட்கப்பட்டாள். பெயின்ற் அடிக்கும்போது அந்தக் கைக்கு மட்டும் கம்பளிக் கையுறை போட்டுவிட்டது நான். பாலர் வகுப்பு ரீச்சர், பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள் என்றபோது, யெஸ் யெஸ் என்று தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் எங்கள் வேலையைத் தொடர்ந்தோம். நீ வலக்கையால் சாப்பிட்டாய், வலக்கையால் எழுதினாய், வலக்கையால் எல்லோருக்கும் பலகாரம் நீட்டினாய். திருந்திவிட்டாய் என்று சொந்தக்காரருக்குச் சொல்லிப் பெருமைப்பட்டோம். எங்கள் ஆட்கள் யாரும் பார்க்காத காட்டில், உனக்கு வேட்டை பழக்கிய தோழியின் தகப்பனோடு போய் மரத்தடியில் இருந்தபோது, நீ உன் சொந்தக் கைக்குத் திரும்பியிருக்கிறாய்.

யாரும் பார்க்காத என்று எழுதினேன். பார்க்கச் சொல்லி நீ கூப்பிட்டாய். "ஒருக்கா வாங்கோ அப்பா. சுடவேண்டாம், சும்மா பக்கத்திலை இருங்கோ." குளிர் என்றேன், முழங்கால் என்றேன், வாய் பேசாமல் ஐந்து நிமிடம் இருக்க என்னால் ஏலாது, மான் எல்லாம் கியூபெக்குக்கு ஓடிவிடும் என்றேன். நீ சிரித்தாய், பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டாய். வந்திருந்தால் எந்தத் தோள் என்று தெரிந்திருக்கும். நான் பார்க்கவே இல்லாத மான் கதையைத்தான் அன்று மைக்கில் அவிழ்த்துவிட்டேன். நீ முன்மேசையில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, மைக் தாங்கியை வலது தோளில் வைத்துக்கொண்டு நீயாக நடித்தேன். அந்த ஹோலில் சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கரண்டியை வைத்தவள். மற்றவளின் முகத்தை நான் பார்க்கவில்லை.

விட்பித் தம்பி சொன்ன அந்தக் கன்ன மேட்டை மறுபக்கத்துக்கு மாற்ற முடியாது. அரம் எடுத்து, நான் எண்ணெய் பூசி மினுக்கிய மேட்டை இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக வரும்வரை அராவினேன். அடுக்கடுக்காக ஒட்டிய மரம் என்பதால் உள்ளே வேறு வேறு நிறங்கள் வந்தன. பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான். ஆனால் இப்போது அது எந்தக் கன்னத்தையும் தள்ளிவிடாது. இடது தோளில் வைத்துப் பார்த்தேன், சாரத்தோடு அல்ல, நல்ல காற்சட்டை போட்டு, பெல்ற் கட்டி. எனக்கு அது சரியாக வரவில்லை. உனக்கு வரும் என்று நினைக்கிறேன்.

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். சீசன் வருகிறது. வந்து துவக்கை எடு. வர நேரமில்லை என்றால், சட்டப்படி பூட்டி, காரில் வைத்து, அந்தப் பெரிய ஏரியைச் சுற்றிக்கொண்டு நானே கொண்டு வருகிறேன். வந்தால் ஒரு காலைப்பொழுது உன் பக்கத்தில் இருக்க விடு. உனக்கு இடப்பக்கமாக இருக்கிறேன். வாயைத் திறக்கமாட்டேன். திரும்பி வந்து யாருக்கும், அம்மாவுக்குக்கூட, ஒரு சொல் சொல்லமாட்டேன். என்னால் முடியுமா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. ஆனால் பழகிப் பார்க்கிறேன். பேஸ்மென்றில் உன் ஜக்கெற்றுக்கு முன்னால் வாய் பொத்தி இருந்து பார்க்கிறேன். அம்மா இரண்டு தரம் இறங்கி வந்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அதையும் நான் பகிடி ஆக்கிவிடுவேன். துவக்கை எடுக்க வா, அவ்வளவுதான்.

அப்பா.

பி.கு. திரும்பவும் பிரித்து எழுதுகிறேன். கடிதத்தை மடித்துக்கொண்டு மேலே வந்து, "துவக்கை எடுக்க வரச்சொல்லி எழுதிப்போட்டன்" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். நீ போன வருசமே அங்கே ஒரு துவக்கு வாங்கிவிட்டாயாம். புதுசாம். இடக்கைக்காரருக்கென்றே செய்ததாம்.